பாசி பிடித்த தொட்டியை மறைக்க வேண்டாம்



எங்கள் பள்ளியின் அறிவியல் அறையில் ஐந்து வாரங்களாக ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறத்தாழ 180 லிட்டர் நீர் கொள்ளும். பெற்றோர் ஆசிரியர் சங்க நிதியில் வாங்கியது. அதில் இன்றுவரை ஒரு மீன்கூட இல்லை. மணல் இருக்கிறது, கற்கள் இருக்கின்றன, நீரைச் சுழற்றும் பம்பு இருக்கிறது. இவை எல்லாவற்றின் மீதும் பழுப்பு நிறத்தில் பாசி படர்ந்திருக்கிறது.

அடுத்த மாதம் பள்ளிக்கு விருந்தினர் வருகின்றனர். அதற்குள் கடைக்காரர் ஒருவரை அழைத்துத் தொட்டியைக் கழுவி, புதுநீர் நிரப்பி, பத்துப் பன்னிரண்டு வண்ண மீன்களை விட்டுவிடலாம் என்னும் கருத்து அண்மையில் முன்வைக்கப்பட்டது. நான் அதற்கு உடன்படவில்லை. "ஐயா, காசு கொடுத்து வாங்கிய தொட்டியில் அழுக்கைத்தானா காட்டப் போகிறீர்கள்?" என்று பெற்றோர் ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளி வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

முதலில், அது அழுக்கன்று. புதிதாக அமைத்த கடல்நீர்த் தொட்டி எதுவாயினும், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பெரும்பாலும் இப்படிப் பழுப்பாகும். இப்பழுப்புப் படலம் டயட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசி. அதன் உடலைச் சுற்றிச் சிலிக்காவாலான ஓடு உண்டு. கண்ணாடி செய்ய உதவும் மணலின் பொருளும் அதுவே. புதிய மணலிலிருந்தும் குழாய் நீரிலிருந்தும் சிலிக்கேட் கரைந்து வருகிறது, விளக்கின் ஒளி இருக்கிறது, போட்டிக்கு வேறு உயிர் எதுவும் இன்னும் வேர்கொள்ளவில்லை. ஆகவே டயட்டம் முதலில் குடியேறுகிறது. உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் உயிர்வளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தருபவை கடலிலும் நன்னீரிலும் வாழும் டயட்டங்களே என்று கணக்கிட்டிருக்கின்றனர். அத்தகைய உயிரைத்தான் நாம் துணியால் துடைத்தெறிய நினைக்கிறோம்.

துடைத்தாலும் போகாது என்பது வேறு செய்தி. பாசி விலக்கினால் விலகும், விட்டால் மீண்டும் மூடும். இந்த இயல்பைப் பரணர் குறுந்தொகையில் உவமையாகவே ஆண்டிருக்கிறார். கிணற்றடியில் நின்று பார்த்தவருக்குத் தெரிந்தது, கண்ணாடித் தொட்டியின் முன் நிற்கும் நமக்கும் தெரிய வேண்டும். பாசிக்குக் காரணம் நீரில் இருக்கிறது. கண்ணாடியை மட்டும் துடைத்து என்ன பயன்?

நீருக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும், அழுகும் எதுவும் அமோனியாவைத் தரும். அமோனியா மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு தீங்கற்றது. நுண்ணுயிர்கள் செய்யும் இவ்வேலையைக் கண்டறிந்தவர் ருஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. 1890ஆம் ஆண்டு வாக்கில் அவர் இதனை மெய்ப்பித்தார். (நம்மில் பலர் படித்த பழைய குறிப்புகளில் இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றிருக்கும். நன்னீர் மீன்தொட்டிகளில் அதனைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998இல் ஹோவனெக் குழுவினர் காட்டினர். ஆசிரியர்கள் குறிப்பைத் திருத்திக்கொள்ளலாம்.)

இந்த நுண்ணுயிர்கள் கடையில் வாங்கிய மணலில் போதிய அளவு இருப்பதில்லை. அவை மெல்லப் பெருக வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சில வேளை அதற்கும் மேலாகும். அதற்கு முன் மீனை விட்டால், மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். கடல்நீரில் இது இன்னும் கடுமை. நன்னீர்த் தொட்டியில் பி.எச். அளவு 7 என்று வைத்துக்கொண்டால், மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கும். நம் நாட்டு வெப்பமும் சேர்ந்தால் நஞ்சான பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிவிடும். போதாக்குறைக்கு, உப்புநீரில் கரையும் உயிர்வளியும் நன்னீரை விடக் குறைவு. கப்பி மீனை வாளியில் விட்டு வளர்த்த நினைவில் கடல் மீனை அணுகலாகாது.

எங்கள் மாணவர்கள் செய்தது இதுதான். சந்தையில் வாங்கிய இறால் துண்டொன்றைச் சிறு வலைப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டனர். அது அழுகி அமோனியாவைத் தந்தது. (முதல் வாரம் அறையில் நாற்றம் இருந்தது உண்மை, அடுத்த வகுப்பு ஆசிரியர் பொறுத்துக்கொண்டார்.) வாரம் இருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சோதனைக் குழாயில் நீரெடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்து வருகின்றனர். அமோனியா ஏறியது, உச்சம் தொட்டது, இறங்கியது. அது இறங்கத் தொடங்கியபோது நைட்ரைட் ஏறியது. இப்போது நைட்ரைட் இறங்கிக்கொண்டிருக்கிறது, நைட்ரேட் தலைகாட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேலை செய்வதை வெறும் வரைபடத்திலே பிள்ளைகள் கண்டுகொண்டனர்.

பழுப்புப் படலம் தோன்றிய நாளில் ஒரு மாணவி, "ஐயா, கண்ணாடிக்குத் துரு பிடித்துவிட்டது" என்றாள். துருவா, மண்ணா, உயிரா என்று கேட்டுவிட்டு நான் விடை சொல்லவில்லை. உற்றறிதல், ஊகித்தல், மாறிகளை அடையாளங்காணுதல் என்று செயற்பாங்குத் திறன்களைப் பட்டியலிட்டு மனனம் செய்யச் சொல்கிறோமே, அவை எல்லாம் அடுத்த இரண்டு வாரத்தில் தாமாக வந்தன. சன்னல் பக்கக் கண்ணாடியில் படலம் அடர்த்தி என்று ஒருவன் கண்டான். அப்படியானால் ஒளிதான் காரணம் என்றான். உடனே இன்னொருத்தி, அந்தப் பக்கம் நீரோட்டமும் குறைவு, ஆகவே உன் முடிவு செல்லாது என்றாள். இருவரும் வழக்காடி, கண்ணாடியின் ஒரு பாதியை நாளிதழ்த் தாளால் வெளிப்புறம் மூடினர். ஒரு வாரம் கழித்துத் தாளை எடுத்தபோது கோடு கிழித்தாற்போல் வேறுபாடு தெரிந்தது. தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது என்று அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கண்ணாடியைத்தான் விருந்தினருக்காகக் கழுவ வேண்டும் என்கின்றனர். கழுவினால் போவது பாசி மட்டுமன்று. மணலையும் கல்லையும் குழாய் நீரில் அலசினால், அதிலுள்ள குளோரின் ஐந்து வாரம் வளர்ந்த நுண்ணுயிர்களைப் பெருமளவு கொன்றுவிடும். வரைபடம் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். அந்நிலையில் பன்னிரண்டு மீன்களையும் விட்டால், விருந்தினர் வரும் நாளில் அவை உயிரோடு நீந்தலாம். அடுத்த இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றாக மிதக்கும். அப்போது பிள்ளைகளின் குறிப்பேட்டில் என்ன எழுதச் சொல்வோம்? ஐந்து வாரம் தம் கையால் எழுதிய எண்களைப் பொய்யாக்கிவிட்டு, அறிவியல் நேர்மையைப் பற்றி அவர்களிடம் பேச நமக்கு வாய் வருமா?

பாசியை ஒழிக்கும் மருந்து கடையில் கிடைக்கிறதே என்று கேட்போர் உண்டு. அவற்றுள் சில செம்பு கலந்தவை. செம்பு நத்தை, நண்டு, இறால் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும். கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு நெடுநாள் நிற்கும். பாசியை மேயும் நத்தைகளை அதன்பின் தொட்டியில் விடவே இயலாது. சிவப்பு வழுவழுப்பாகப் படரும் ஒன்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து போடுவாரும் உளர். அந்தச் சிவப்புப் படலம் உண்மையில் பாசியே அன்று, சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். அதைக் கொல்லும் மருந்து நாம் வளர்த்த நல்ல நுண்ணுயிர்களையும் தாக்கக்கூடும். என் கருத்தில் இவையெல்லாம் வீண்செலவு. டயட்டம் தன் சிலிக்கேட் தீர்ந்தால் சில வாரத்தில் தானே மங்கும். அதன்பின் பச்சைப்பாசி வரும். விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்தோடு நிறுத்துவது, சன்னல் வெயில் நேரே படாமல் திரையிடுவது, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது, மேய்வதற்குச் சில நத்தைகளை விடுவது ஆகியவை போதும். பொறுத்திருந்தால் கடைசியில் கற்களின் மேல் இளஞ்சிவப்பாக, சுண்ணாம்புபோல் கெட்டியான பாசியொன்று படியும். தொட்டி முதிர்ந்தது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

பாசியை எதிரியாகக் கருதாமல் வேலைக்காரனாகக் கண்டவர்கள் உண்டு. நம் அண்டை நாட்டில் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், நுண்ணுயிரும் பாசியும் ஒட்டிய கடற்கற்களையே வைத்துக் கடல்நீர்த் தொட்டிகளை நடத்தினார். காற்றுக் குமிழி, வெயிலொளி, கல் ஆகியவற்றைத் தவிரப் பெரிய கருவி எதுவும் அவரிடம் இல்லை. 1961இல் அவர் தம் முறையை அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் எழுதினார்; இன்று உலகெங்கும் கடல்நீர்த் தொட்டிகளில் கற்களை அடுக்கும் வழக்கம் அதன் வழி வந்தது. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி என்னும் அறிவியலாளர் இன்னொரு படி சென்றார். 1980இல் அங்கே அமைந்த பவளப்பாறைத் தொட்டியின் நீரைத் தூய்மை செய்யப் பாசியையே வளர்த்தார். தட்டில் அடர்ந்து வளரும் பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். அறுத்து வெளியே எறிந்தால் அவையும் நீரை விட்டுப் போய்விடும். எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் பிளாஸ்டிக் வலையொன்றில் இதனைச் சிறிய அளவில் செய்து பார்க்கக் கேட்டிருக்கின்றனர். செய்யட்டும்.

"கடல் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டு பீப்பாய் மொண்டு வந்தால் உப்புச் செலவு மிச்சம்" என்றார் லாரி ஓட்டும் தந்தையொருவர். பண்டமாரானிலிருந்து கிள்ளான் துறைமுகம் கூப்பிடு தூரந்தான். ஆனால் அந்த நீர் நமக்கு ஆகாது. கிள்ளான் ஆறு கோலாலம்பூரையும் ஷா ஆலத்தையும் கடந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி அங்கேதான் கடலில் கலக்கிறது. வழியில் சேர்ந்த சாக்கடை, சேறு, கப்பல் எண்ணெய் எல்லாம் அதில் உண்டு. மழைக்குப்பின் உப்பின் அளவும் குறைந்துவிடும். ஆகவே கடையில் வாங்கிய கடலுப்பைக் கலக்கிறோம். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்றால் நம் தொட்டிக்கு ஆறு கிலோவுக்கு மேல் வேண்டும். சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் உள்ள மக்னீசியம், கால்சியம் முதலியவை அதில் இல்லை. ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்க வேண்டும்.

கலக்கும் நீரும் முக்கியம். குழாய் நீரை அப்படியே ஊற்றினால் குளோரின், சிலிக்கேட், பாஸ்பேட் அனைத்தும் உள்ளே வரும். பாசிக்கு விருந்து வைத்தாற்போல் ஆகும். ஆர்.ஓ. வடிகட்டி நீர் சிறந்தது. கடைத்தெருவில் காசு போட்டுப் பிடிக்கும் நீர்ப்பொறிகளில் கிடைப்பதும் உதவலாம். ஆயினும் அப்பொறியின் வடிகட்டியை ஒழுங்காக மாற்றுகிறார்களா என்பதைப் பொறுத்தது அது. சோதித்துப் பார்த்தபின் ஊற்றுங்கள். சேமிப்பு நீரும் இரண்டு கலனில் எப்போதும் இருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூரில் கழிவு கலந்து, சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் இலட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டதை நாம் மறக்கவில்லை.

ஆவியாதல் பாடத்தைத் தொட்டியருகே நடத்துமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். 180 லிட்டரில் 9 லிட்டர் குறைந்தால், 35 கிராமாக இருந்த உப்பு லிட்டருக்கு 36.8 கிராமாக உயரும். ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய உப்புநீர் ஊற்றக்கூடாது, நன்னீரே ஊற்ற வேண்டும். இதை விளக்காமல் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பாதிப்பேர் உப்புநீர் என்பர். பின்னர் கணக்குப் போட்டுத் தாமே திருத்திக்கொள்வர்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெருகினால் பாசி பெருகும் என்பது தொட்டியோடு நிற்கும் செய்தியன்று. 1976இல் சபாவில் நச்சுப்பாசி பெருகிக் கடல் சிவந்தபோது, சிப்பி உண்டவர்கள் உயிரிழந்தனர். 2014 பிப்ரவரியில் ஜொகூர் நீரிணையில் கூண்டுகளில் வளர்த்த மீன்கள் திரளாகச் செத்தன. அங்கும் ஒரு பாசிப் பெருக்கமே காரணமாகக் கண்டறியப்பட்டது. இத்தகைய பெருக்கங்களுக்கு வெப்பம், நீரோட்டம் எனக் காரணம் பல உண்டு. மனிதர் கடலில் சேர்க்கும் சத்துகளும் அவற்றுள் ஒன்று. மூன்றடித் தொட்டியில் தீனி மிகுந்தால் என்னாகும் என்று கண்ட பிள்ளைக்கு, ஆற்றில் சாக்கடை மிகுந்தால் என்னாகும் என்பது எட்டாத செய்தியாக இராது.

மீன்களைப் பற்றி ஒன்று. பிள்ளைகள் கேட்பது நீமோவும் டோரியும். 2003இல் வந்த அந்தத் திரைப்படம் இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோமாளி மீன் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்து விற்கப்படுவது. நம் தொட்டிக்கு இரண்டு போதும். நீலநிற டோரி வேண்டாம். ஓரடி நீளம் வரை வளரும் மீன் அது; மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. பண்ணையில் அதை முதன்முதலாகக் குஞ்சிலிருந்து வளர்த்தெடுத்ததே 2016இல்தான், ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். கடையில் உள்ளவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. அன்பளிப்பாகத் தர விரும்பும் பெற்றோர் தயவுசெய்து என்னிடம் கேட்டபின் வாங்குங்கள்.

இத்தனை தொல்லைக்குக் கடல்நீர்த் தொட்டிதான் வேண்டுமா என்று கேட்டால், எல்லாப் பள்ளிக்கும் வேண்டாம் என்பதே என் விடை. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள், நிதி நெருக்கடியில் உள்ள பள்ளிகள் ஒரு நன்னீர்த் தொட்டியும் நான்கு நீர்ச்செடியும் வைத்து இதே சுழற்சியைக் குறைந்த செலவில் காட்டலாம். எங்களிடம் தொட்டி ஏற்கெனவே வந்துவிட்டது. மேலும், 1901இல் திறந்து 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட அந்தத் துறையில் கப்பலிறங்கியவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குக் கடல் என்பது பாலத்தின் மேல் செல்லும்போது தெரியும் பாரந்தூக்கிகள் மட்டுமே. ஆறாம் ஆண்டைத் தேர்வுக்கே விழுங்கக் கொடுத்த யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. கிடைத்த நேரத்தை இதற்குச் செலவிடலாகாதா?

விருந்தினர் வரும் நாளில் தொட்டி இப்போதுள்ளபடியே இருக்கட்டும். பக்கத்தில் பிள்ளைகளின் வரைபடத்தை ஒட்டுவோம். மூடிய பாதியையும் மூடாத பாதியையும் காட்டி மாணவரே விளக்கட்டும், தமிழிலேயே. நைட்ரைட் சுழியம் ஆகி ஒரு வாரம் கழிந்தபின் முதல் மீன். அது அவர்கள் வருகைக்கு முன்னா பின்னா என்பதைச் சோதனைக் குழாய் முடிவு செய்யும்.

பெற்றோரிடம் வேண்டுவன சில. பள்ளிக்கு வரும்போது தொட்டியில் ரொட்டித் துண்டு போடாதீர்கள். உங்கள் பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள். தீனி போடும் பொறுப்பு பின்னர் நாளுக்கு ஒரு மாணவருக்கு, ஒரு சிட்டிகைக்கு மேல் இல்லை. விடுமுறையில் அறையின் மின்சாரத்தை முழுதும் அணைத்துவிடுவது பள்ளி வழக்கம். பம்பு நின்றால் நுண்ணுயிர்கள் மூச்சடைத்துச் சாகும். அதற்குத் தனி இணைப்பு போட்டுத்தர மின்வேலை தெரிந்த தந்தையர் எவரேனும் முன்வர வேண்டும். வீட்டில் பயன்படாத சிறு மேசை விசிறி இருந்தால் கொடுங்கள். நீர்ப்பரப்பில் காற்று வீசினால் வெப்பம் ஓரிரு பாகை குறையும். மூடியுள்ள இருபது லிட்டர் நீர்க்கலன்கள் இரண்டும் தேவைப்படுகின்றன. சவர்க்காரம் ஊற்றி வைத்த கலன் மட்டும் வேண்டாம்.